இறங்குவது எளிது, சிக்கலே அதுதான்: கிராண்ட் கேன்யன் கேள்வி பதில்

அரிசோனாவின் கிராண்ட் கேன்யனுக்குள் காலையில் இறங்கி, அன்றே மேலே வந்துவிடும் நடைபயணம் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு மீதிக்குப் பதில் சொல்கிறோம். அங்கே பலகைகள் எல்லாம் மைல் கணக்கில் இருக்கும் என்பதால் தூரத்தை மைலிலேயே தந்து, பக்கத்தில் கிலோமீட்டரும் போட்டிருக்கிறோம்.

ஜூன் கடைசியில் அப்பா (64), அம்மா (59) மதுரையிலிருந்து வருகிறார்கள். லாஸ் வேகஸில் தங்கி, ஒரு நாள் கிராண்ட் கேன்யன் போய், கொஞ்ச தூரம் உள்ளே இறங்கி ஏறிவிட்டு இரவே திரும்பலாம் என்று திட்டம். அப்பா தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர். போன வருடம் வெள்ளியங்கிரி ஏறினார். எதுவரை இறங்கலாம்? (வாசகி, இர்வைன், கலிஃபோர்னியா)

தூரத்தைப் பேசுமுன் கடிகாரத்தைப் பார்த்துவிடுவோம். வேகஸிலிருந்து தெற்கு விளிம்புக்குச் சுமார் 280 மைல், காரில் நாலரை மணி நேரம். காலை ஆறு மணிக்கே கிளம்பினாலும், வழியில் டிபன், பார்க்கிங், பாத்ரூம் எல்லாம் முடிந்து பாதையில் கால் வைக்கும்போது பன்னிரண்டு மணி. கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை விளிம்புக்குக் கீழே நடக்க வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் படித்துப் படித்துச் சொல்கிறது. நீங்கள் சரியாக அந்த நேரத்துக்குத்தான் போய்ச் சேர்கிறீர்கள். வேகஸிலிருந்து ஒரே நாளில் போய் வருவதென்றால் விளிம்பில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள், போதும். உள்ளே இறங்கும் ஆசை இருந்தால் முந்தின இரவே பூங்காவுக்குள்ளோ, வாசலை அடுத்த டுசாயன் ஊரிலோ தங்க வேண்டும்.

வேகஸுக்குப் பக்கத்தில் கண்ணாடித் தரை போட்ட ஸ்கைவாக் இருக்கிறதே, அது கிராண்ட் கேன்யன் வெஸ்ட். ஹுவாலபாய் பழங்குடியினர் நடத்தும் தனி இடம், டிக்கெட்டும் தனி. நாம் பேசும் பாதைகள் அங்கே கிடையாது. ஓட்டல் பதிவு செய்யுமுன் இதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது வெள்ளியங்கிரிக்கு வருவோம். அங்கே கஷ்டமெல்லாம் முதலில் வந்துவிடும். மூன்றாவது மலையில் மூச்சு வாங்கினால், ‘போதும்டா சாமி’ என்று திரும்பிவிடலாம், கால் தானாக இறக்கிக் கொண்டுவந்து சேர்த்துவிடும். கேன்யனில் எல்லாமே தலைகீழ். முதல் ஒரு மணி நேரம் குளிர்ந்த காற்று, இறக்கம், புத்துணர்ச்சி. ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். களைப்பு தெரிய ஆரம்பிக்கும் இடத்தில் நீங்கள் ஏற்கெனவே மிக ஆழத்தில் இருப்பீர்கள், செங்குத்தான பகுதி முழுக்கத் தலைக்கு மேலே மிச்சமிருக்கும். வெயிலும் அப்போதுதான் ஏறும். அதனால் உடம்பு சொல்லட்டும், திரும்பலாம் என்று காத்திருக்கக் கூடாது. மேலேயே முடிவு செய்துகொண்டு இறங்க வேண்டும்.

இன்னொன்று, உயரம். தெற்கு விளிம்பிலிருந்து உள்ளே இறங்கும் சவுத் கைபாப் பாதை தொடங்கும் இடம் 2,213 மீட்டர், கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம். கடல் மட்டத்துக் காற்றுக்குப் பழகியவருக்கு ஏற்றத்தில் மூச்சு சீக்கிரமே இரைக்கும். விமானத்தில் வந்து இறங்கிய மூன்றாம் நாளே கூட்டிப் போகாதீர்கள்.

உங்கள் அப்பாவுக்கு எங்கள் யோசனை இது. சவுத் கைபாப் பாதையில் சீடர் ரிட்ஜ் வரை, போக 1.5 மைல் (2.4 கி.மீ.), இறக்கம் சுமார் 340 மீட்டர். அதற்கு மேல் ஜூனில் வேண்டாம். அம்மா ஊ ஆ பாயின்ட்டோடு, அதாவது 0.9 மைலோடு (1.4 கி.மீ.) திரும்பலாம். காட்சியில் அவருக்கு ஒன்றும் குறையாது, அந்தப் பெயரே அங்கே வந்து நிற்பவர்கள் வாயிலிருந்து வரும் சத்தம்தான். அதிகாலை ஐந்து மணிக்கு, வெளிச்சம் வரும்போதே பாதையில் இருங்கள். சீடர் ரிட்ஜ் ஆறு, ஆறேகால். இருபது நிமிடம் உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கினால் எட்டரை, ஒன்பது வாக்கில் மேலே வந்துவிடலாம். இறங்க ஆகும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஏற ஆகும். முட்டி வலிப்பவருக்கு இரண்டரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆறரைக்கு எங்கே இருந்தாலும் திரும்புகிறோம்’ என்று மேலேயே மூவரும் பேசி வைத்துக்கொள்வது முக்கியம். கீழே போனபின் பேசினால் ஜெயிப்பது எப்போதும் ‘அந்த வளைவு வரைக்கும்’தான்.

சவுத் கைபாப், பிரைட் ஏஞ்சல் இரண்டில் முதல் தடவை போகிறவருக்கு எது நல்லது? (வாசகர், டல்லாஸ்)

கோடையில் பிரைட் ஏஞ்சல், குளிர்ந்த மாதங்களில் சவுத் கைபாப். மேலே சொன்னதுபோல் விடியற்காலையில் சீடர் ரிட்ஜ் வரை மட்டும் போய் வருவது இதற்கு விதிவிலக்கு.

சவுத் கைபாப் மலைமுகட்டின் முதுகிலேயே ஓடுகிறது. அதனால் இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். அதே காரணத்தால் நிழல் கிடையாது, வழி முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீரும் கிடையாது. சீடர் ரிட்ஜில் கழிப்பறை உண்டு, குழாய் இல்லை. அடுத்த நிறுத்தம் ஸ்கெலிட்டன் பாயின்ட், மேலிருந்து 3 மைல் (4.8 கி.மீ.), இறக்கம் சுமார் 620 மீட்டர். கொலராடோ ஆறு முதன்முதலில் கண்ணில் படுவது இங்கேதான். நல்ல காலநிலையில் திடமாக நடப்பவருக்கு ஒரு நாளுக்கு இது நிறைவான எல்லை.

பிரைட் ஏஞ்சல் ஒரு நிலப்பிளவை ஒட்டிய பக்கப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. பாறைச் சுவரோடு சுவராகக் கொண்டை ஊசி வளைவுகள், காலையிலும் சாயங்காலமும் ஆங்காங்கே நிழல். ஒன்றரை மைலில் ஒரு தங்குமடம் (சுமார் 340 மீட்டர் இறக்கம்), மூன்று மைலில் இன்னொன்று (645 மீட்டர்), நாலரை மைலில் ஹவசுபாய் கார்டன்ஸ் (925 மீட்டர்). முதல் இரண்டு இடங்களிலும் கோடைக்காலத்தில் மட்டும் குழாய்த் தண்ணீர். ஹவசுபாய் கார்டன்ஸில் ஆண்டு முழுக்க உண்டு. பழைய வரைபடங்களில் இந்த இடம் ‘இந்தியன் கார்டன்’ என்று இருக்கும். ஹவசுபாய் மக்கள் தலைமுறைகளாகப் பயிர் செய்து வாழ்ந்த இடம் அது. அவர்களை அங்கிருந்து வெளியேற்றியது பூங்கா நிர்வாகமே. 2022 நவம்பரில்தான் அவர்கள் பெயரை இடத்துக்குச் சூட்டினார்கள். காட்டன்வுட் மரங்கள் அடர்ந்து, ஓடை ஓடி, பாலைவனத்துக்கு நடுவே தோப்பாக நிற்கும். அங்கே போய் உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்க மனம் வராது. ஏறவேண்டிய 925 மீட்டரை நினைத்துக்கொண்டு உட்காருங்கள்.

குழாய் உண்டு என்று மேலே எழுதியிருப்பதை நம்பி மட்டும் கிளம்பிவிடாதீர்கள். அந்தத் தண்ணீர் வடக்குச் சுவரில் பீறிடும் ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து பள்ளத்தாக்கின் குறுக்கே வரும் ஒரு நீண்ட குழாயில் வருகிறது. 1960களில் போட ஆரம்பித்த குழாய். பாறை விழுந்தும், வெள்ளம் அரித்தும், வயதாகியும் அடிக்கடி உடையும். இறங்கும் நாள் காலையில் பூங்காவின் இணையதளத்திலோ, விளிம்பில் ரேஞ்சரிடமோ (பூங்காக் காவலர்) எந்தக் குழாய் திறந்திருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

போக்குவரத்தில் ஒரு வித்தியாசம். பிரைட் ஏஞ்சல் தொடக்கம் தெற்கு விளிம்பில் ஓட்டல்கள் இருக்கும் கிராண்ட் கேன்யன் கிராமத்துக்குள்ளேயே இருக்கிறது. சவுத் கைபாப் தொடக்கத்துக்குச் சொந்தக் கார் போக முடியாது, இலவச ஷட்டில் பஸ்தான். விடியற்காலையில் நடைபயணிகளுக்கென்றே ஒரு எக்ஸ்பிரஸ் பஸ் பிரைட் ஏஞ்சல் லாட்ஜிலிருந்து கிளம்பும். அதன் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும், முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நால்வர், எல்லோருக்கும் முப்பதுக்குள். ஜூலை 4 விடுமுறையில் காலை நாலு மணிக்கு சவுத் கைபாப் வழியாக இறங்கி, ஆற்றில் குளித்துவிட்டு, பிரைட் ஏஞ்சல் வழியாக ஏறலாம் என்கிறான் நண்பன். ஜிம் போகிறவர்களுக்கு இது முடியாதா? (வாசகர், சான் ஹோசே)

முடிகிறவர்கள் இருக்கிறார்கள். ஜூலையில் செய்யாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். இறக்கம் 7 மைல், ஏற்றம் 9.5 மைல், மொத்தம் 16.5 மைல் (26.5 கி.மீ.). ஏற வேண்டிய உயரம் சுமார் 1,335 மீட்டர். 445 மாடிக் கட்டிடத்துக்குப் படியேறுவது போல. ஜூலையில் விளிம்பில் பகல் வெப்பம் சராசரியாக 29 டிகிரி செல்சியஸ், அடியில் 41. அதுவும் நிழலில் அளந்தது. உங்கள் போனில் தெரிவது விளிம்பின் வெப்பம். ஊட்டியில் ஸ்வெட்டரோடு வண்டி ஏறி மேட்டுப்பாளையத்தில் சட்டைப் பட்டனைத் திறந்துவிடுகிறோமே, அதே கதைதான். இங்கே கூடுதலாக ஒன்று. அடியில் இருப்பது கறுத்த விஷ்ணு சிஸ்ட் பாறை. காலையெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, மதியம் முதல் இரவு வரை இரு பக்கத்திலிருந்தும் சூட்டைத் திருப்பித் தரும். ரொட்டி அடுப்புக்குள் நடப்பதுபோல் இருக்கும்.

இந்தத் திட்டம் கெடும் விதம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். ஏழரைக்கு உற்சாகமாக ஆற்றுக்கு வந்துவிடுவார்கள். பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் ஃபான்டம் ராஞ்ச் விடுதியில் குளிர்ந்த எலுமிச்சைச் சாறு, படம், அரட்டை. மணி பத்து ஆகிவிடும். பிறகு ஆற்றோரப் பாதை. பார்வைக்குச் சமதளம், ஆனால் மணல். ஒவ்வொரு அடியும் பின்னுக்குச் சறுக்கும், நிழல் இருக்காது. அது முடிந்ததும் ‘டெவில்ஸ் கார்க்ஸ்க்ரூ’ என்ற வளைவுகள், கறும்பாறைக்கு நடுவே, உச்சிவெயிலில். ஜிம்மில் வளர்த்த சதை இங்கே உதவாது, அதுவும் சூட்டை உண்டாக்கும் அடுப்புதான். ஆண்டுக்கு 250-க்கும் மேற்பட்டவர்களை இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து மீட்க வேண்டியிருக்கிறது. இளைஞர்கள், திடகாத்திரமானவர்கள் அதில் நிறைய.

ஆற்றுக் குளியலையும் மறந்துவிடுங்கள். மேலே கிளென் கேன்யன் அணையின் ஆழத்திலிருந்து திறந்துவிடும் தண்ணீர் அது. உறையவைக்கும் குளிர், மேலே தெரியாத இழுப்பு. காவிரியில் நீந்தத் தெரியும் என்பதெல்லாம் செல்லாது. உடம்பை நனைக்க வேண்டுமானால் ஃபான்டம் ராஞ்ச் அருகே ஓடும் பிரைட் ஏஞ்சல் ஓடை இருக்கிறது, அதில் மழை வெள்ளம் இல்லாதபோது காலை நீட்டி உட்காரலாம்.

ஆற்றைப் பார்த்தே தீரவேண்டும் என்றால் அக்டோபர் கடைசியிலோ மார்ச்சிலோ பிரைட் ஏஞ்சல் வழியாக பிளாட்டோ பாயின்ட் வரை போய் வாருங்கள். போக வர 12.2 மைல் (சுமார் 20 கி.மீ.). பாறை நுனியில் நின்றால் நேர் கீழே ஆறு. அதுவே முழு நாள் வேலை. அடிக்கே போய் வர ஆசையா, ஒரு இரவு கீழே தங்குங்கள். முகாமிட அனுமதிச் சீட்டு வேண்டும், ஃபான்டம் ராஞ்ச் படுக்கைக்குக் குலுக்கல் முறை, ஒரு வருடத்துக்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

எப்படியோ கோடைப் பகலில் அடியில் மாட்டிக்கொண்டால் ஏறத் தொடங்காதீர்கள். ஓடைக்கரை நிழலில் மாலை நாலு மணி தாண்டும் வரை படுத்திருங்கள். சட்டையை நனைத்துக்கொண்டு, நெற்றி டார்ச்சோடு, இருட்டில் ஏறுங்கள். நள்ளிரவு ஆனாலும் பரவாயில்லை.

ஒருவருக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்? ‘தாகம் எடுக்குமுன் குடித்துக்கொண்டே இரு’ என்கிறார்கள். சரியா? (வாசகி, சிங்கப்பூர்)

பாதி சரி. அந்தப் பாதியைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் உண்டு.

முதலில் அளவு. சீடர் ரிட்ஜ் போன்ற மூன்று மைல் நடைக்குக் குளிர்ந்த காலத்தில் தலைக்கு 2 லிட்டர், கோடையில் 3. ஆறு மைல் நடைக்கு 3 முதல் 4. வெயிலில் ஏறும்போது மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர் போகும். கொண்டு போகும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும், எங்கே நின்றாலும் திரும்புங்கள். மீதி இரண்டு பங்கு ஏற்றத்துக்கு.

சென்னையில் வியர்வை சொட்டும், கர்ச்சீப் நனையும், நமக்கே தெரியும். அந்தப் பாலைவனக் காற்றில் ஈரம் இல்லாததால் வியர்வை தோலில் நிற்காமல் ஆவியாகிவிடும். ‘எனக்கு வியர்க்கவே இல்லை’ என்று நினைத்துக்கொண்டு நடப்பீர்கள். முதுகுப் பையைக் கழற்றிப் பார்த்தால் சட்டையில் பட்டை பட்டையாக வெள்ளைக்கோடு. போன தண்ணீரோடு போன உப்பு அது.

அந்த உப்பைத் திருப்பி வைக்காமல் வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், வாந்தி, பிறகு குழப்பம், முற்றினால் வலிப்பு. வெப்பத் தளர்ச்சிக்கும் கிட்டத்தட்ட இதே அறிகுறிகள் என்பதால், ‘பாவம், தண்ணி குடுங்க’ என்று பக்கத்தில் இருப்பவர்கள் இன்னும் ஊற்றிவிடுவார்கள். இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி கேளுங்கள்: ‘கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க, என்ன நிறம்?’ பல மணி நேரமாகப் போகவில்லை, அல்லது கடும் மஞ்சள் என்றால் நீர் போதவில்லை. அடிக்கடி போகிறார், நிறமே இல்லை, சாப்பிட எதுவும் உள்ளே போகவில்லை, விரலில் மோதிரம் இறுகுகிறது என்றால் உப்பு போதவில்லை. அப்போது வெறும் தண்ணீரை நிறுத்தி, நிழலில் உட்காரவைத்து, உப்புள்ளதைச் சாப்பிடக் கொடுங்கள். பேச்சு குழறினால் இது வீட்டு வைத்தியத்துக்கு அப்பாற்பட்டது, உடனே ரேஞ்சருக்குத் தகவல் போக வேண்டும்.

நடைமுறையில்: பாதி பாட்டில் வெறும் தண்ணீர், பாதி ஓஆர்எஸ் அல்லது எலக்ட்ரோலைட் பொடி கலந்தது. பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கு என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும். தாகத்துக்குக் குடியுங்கள், அரை மணிக்கு ஒருமுறை ஏதாவது கொறியுங்கள். முந்தின இரவே ஒரு பாட்டிலைப் பாதி நிரப்பி ஃப்ரீசரில் வைத்து, காலையில் மீதியை நிரப்பினால் ஏற்றத்தின்போதும் குளிர்ச்சியாக இருக்கும்.

அப்படியானால் தின்ன என்ன எடுத்துப் போவது? (அதே வாசகி)

நம் வீட்டுப் பலகாரங்கள் இதற்கென்றே செய்தவை. முறுக்கு, காராச்சேவு, உப்புக் கடலை, கடலை மிட்டாய், நல்லெண்ணெயும் இட்லிப் பொடியும் தடவிய இட்லி, புளியோதரை எல்லாம் ஏற்றவை. தயிர்சாதம் வேண்டாம், அந்தச் சூட்டில் பத்து மணிக்கே புளித்துவிடும். பசி இருக்காது, இருந்தாலும் சாப்பிட வேண்டும்.

பஞ்சுச் சட்டை போட்டால் ஆபத்து என்று மலையேறும் நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். ஷூ விஷயத்திலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (வாசகர், கோயம்புத்தூர்)

நண்பர்கள் சொல்வது குளிர்மலைக்கு. ஈரமான பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கேன்யன் கோடையில் நமக்கு வேண்டியதே அது. வெளிர் நிறத்தில், தொளதொளவென்று, முழுக்கை வைத்த பருத்திச் சட்டை. குழாய் கண்ட இடத்திலெல்லாம் சட்டையோடு நனைந்துகொள்ளுங்கள். அகலமான விளிம்பு வைத்த தொப்பி. கழுத்தில் ஒரு ஈரத்துண்டு. நம் ஊர் ஈரிழைத் துண்டைவிட இதற்கு நல்லது எந்தக் கடையிலும் விற்பதில்லை. அக்டோபருக்குப் பிறகு போகிறவர்கள் பருத்தியை வீட்டில் விட்டுவிட்டு, சீக்கிரம் உலரும் துணியை அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்ளட்டும்.

ஷூவில் பலரும் கோட்டை விடுவது ஏற்றத்தில் அல்ல, இறக்கத்தில். இறங்கும்போது பாதம் முன்னால் வழுக்கி, விரல்கள் ஷூவின் மூக்கில் ஆயிரக்கணக்கான தடவை மோதும். இரண்டு நாள் கழித்துக் கட்டைவிரல் நகம் கறுத்து விழும். கிளம்பும் முந்தின நாள் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வழக்கத்தைவிட அரை அளவு பெரிய ஷூ. கயிற்றைக் கணுக்கால் பக்கம் இருக்கும் கடைசி இரண்டு துளைகளில் இறுக்கி, குதிகாலை பின்னோடு பிடித்துவையுங்கள், முன்பக்கம் தளர்வாக இருக்கலாம். புது ஷூவோடு போகாதீர்கள். குதிகாலில் லேசாகச் சுட்டாலே நின்று டேப் ஒட்டுங்கள். கொப்புளம் வந்தபின் ஒட்டுவதில் பயனில்லை.

பாதையில் மண் அரிக்காமல் இருக்கக் குறுக்கே மரக்கட்டைகள் பதித்திருப்பார்கள். இடையிலுள்ள மண்ணைக் கோவேறு கழுதைகளின் குளம்பு தோண்டிவிடுவதால், ஒவ்வொன்றும் ஒழுங்கற்ற உயரத்தில் ஒரு படி. முட்டியைப் பதம் பார்ப்பவை இவைதான். இரண்டு ஊன்றுகோல் இருந்தால் சுமையில் கொஞ்சம் கைக்குப் போய்விடும். இறக்கத்தில் கோலைக் கொஞ்சம் நீட்டியும், ஏற்றத்தில் குறைத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் போகிறோம். குளிர் என்றால் வெயில் தொல்லை இல்லையே, எளிதுதானே? (வாசகர், டொராண்டோ)

மேலே முதல் ஒன்றிரண்டு மைல்தான் பிரச்சினை. பனி விழுந்து, நூறு பேர் மிதித்து, இரவில் உறைந்து கண்ணாடியாகிவிடும். பிரைட் ஏஞ்சலின் மேற்பகுதி வெயிலே படாத சரிவு, மார்ச் வரைக்கும்கூட ஐஸ் கிடக்கும். ஷூவுக்கு அடியில் ரப்பரோடு மாட்டும் இரும்புமுள் சங்கிலி, மைக்ரோஸ்பைக்ஸ், வாங்காமல் போகாதீர்கள். விளிம்பில் உள்ள கடையிலும் கிடைக்கும். ஐஸ் முடிந்ததும் கழற்றிவிடுங்கள், வெறும் பாறையில் முள் வழுக்கும். பொழுது ஐந்தேகாலுக்கே சாய்ந்துவிடும் என்பதால் டார்ச் கட்டாயம்.

கோடையில் பெரும்பாலான அமெரிக்க மாநிலங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதுபோல் அரிசோனா செய்வதில்லை. வேகஸிலிருந்து குளிர்காலத்தில் வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் காணாமல் போகும், கோடையில் போகாது. விடியற்காலை பஸ்ஸைத் தவறவிட இதுவே போதும்.

இறங்கும்போது பாறை நிறம் மாறிக்கொண்டே வருமாமே, எந்த இடத்தில் எதைப் பார்ப்பது? (வாசகி, யாழ்ப்பாணம்)

உங்கள் ஷூவைப் பாருங்கள், அதில் படியும் தூசியே சொல்லிவிடும். சவுத் கைபாபில் தொடக்கத்தில் வெளிறிய தூசி, கைபாப் சுண்ணாம்புக்கல், சுமார் 27 கோடி ஆண்டு வயது, ஒரு காலத்துக் கடல்தரை. பாயூட் மொழியில் கைபாப் என்றால் ‘படுத்திருக்கும் மலை’ என்பார்கள். கொஞ்சம் கீழே கோகனீனோ மணற்கல். சுவரை உற்றுப் பார்த்தால் கோடுகள் சாய்வாக, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். காற்று குவித்த மணல்மேடுகள் அப்படியே கல்லானவை. சீடர் ரிட்ஜுக்கு வரும்போது ஷூ செங்கல் நிறம். ஹெர்மிட் களிப்பாறையின் இரும்புத் துரு அது.

அதற்குக் கீழே ரெட்வால் என்ற செஞ்சுவர், சுமார் 34 கோடி ஆண்டு. பெயர்தான் செஞ்சுவர், உண்மையில் அது சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். மேலிருக்கும் செம்பாறைகளின் துரு மழையில் வழிந்து வழிந்து சாயம் ஏற்றியிருக்கிறது. அண்மையில் உடைந்து விழுந்த இடங்களில் உள்ளே சாம்பல் தெரியும். ஸ்கெலிட்டன் பாயின்ட்டில் நிற்கும்போது அந்தச் சுவரின் தலையில்தான் நிற்கிறீர்கள். அடியில் கிடக்கும் விஷ்ணு சிஸ்ட்டுக்கு வயது 170 கோடி ஆண்டுக்கு மேல். சுவரையெல்லாம் அறுத்த ஆற்றின் வேலையோ, அதோடு ஒப்பிட்டால் நேற்று நடந்தது: ஐந்தாறு மில்லியன் ஆண்டு.

கோவேறு கழுதை, அணில், மழை, போன் சிக்னல் பற்றி ஒரு வரியில்? (வாசகர், கோலாலம்பூர்)

கழுதை வரிசை வந்தால் பள்ளம் இல்லாத பக்கம், மலைச்சுவரை ஒட்டி அசையாமல் நில்லுங்கள். ஓட்டுபவர் சொல்வதைக் கேளுங்கள், கடைசிக் கழுதை நன்றாகத் தாண்டிய பிறகே நகருங்கள். பாதையில் தேங்கியிருப்பது மழைத்தண்ணீர் இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறோம். ஏறி வருகிறவருக்கு வழிவிடுவது மரியாதை.

அணில்: கொஞ்சாதீர்கள். நம் ராமர் அணில் அல்ல, பூனைக்குட்டி பருமனில் இருக்கும் பாறை அணில். விரலைக் கடித்தால் தையல் போடும் அளவுக்குக் கடிக்கும், அதன் தெள்ளுப்பூச்சியில் பிளேக் கிருமியும் இருக்கலாம். தீனி போட்டால் அபராதம். பையைத் தரையில் வைத்துவிட்டுப் படம் எடுக்கப் போனால் முறுக்குப் பொட்டலம் திரும்பக் கிடைக்காது. அண்டங்காக்கைகள் ஜிப்பைக்கூடத் திறக்கும்.

மழை: ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை மதியத்தில் இடி மின்னல். உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தாலும், எங்கோ மேலே பெய்த மழை வறண்ட ஓடையில் சுவராக வரும். சேறும் கல்லும் கலந்த தண்ணீரைத் தாண்ட முயலாதீர்கள், வடியும் வரை உயரத்தில் நில்லுங்கள்.

சிக்னல்: இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதியும் கட்டணமும்: பகல்நடைக்கு அனுமதிச் சீட்டு வேண்டாம். காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். 2026 ஜனவரி முதல் ஆண்டுச் சீட்டு இல்லாத வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல். ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு இது பொருந்தும்.

நடுவழியில் ஒருவரால் நடக்க முடியவில்லை என்றால் என்ன செய்வது? ஹெலிகாப்டர் வருமா? (வாசகர், ஹூஸ்டன்)

பெரும்பாலும் வரத் தேவையும் இருக்காது. முதலில் நிழல். காலை உயர்த்தி வைத்துப் படுக்கவைத்து, சட்டையை நனைத்து, விசிறி, உப்பும் தண்ணீரும் கொடுத்து அரை மணி காத்திருங்கள். பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். பிறகு பேசிக்கொண்டே நடக்கும் வேகம், பேச மூச்சு போதவில்லை என்றால் வேகம் அதிகம். ஒரு மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் உட்காரல். அவர் பையை மற்றவர்கள் பிரித்துச் சுமக்கட்டும். வெயில் தாழும்வரை நிழலிலேயே கிடக்கவும் தயங்க வேண்டாம். ஆகக் கெட்ட முடிவு, குழு உடைவது. ‘நீங்க மெதுவா வாங்க’ என்று முன்னால் போகிறவர்கள் போய்விட, பின்தங்கியவர் தனியாக நின்றுபோகும்போதுதான் விஷயம் கைமீறுகிறது.

ஆள் குழம்புகிறார், தள்ளாடுகிறார், உடம்பு கொதிக்கிறது என்றால் அது வெப்பவாதம், நிமிடங்கள் கணக்கு. இருக்கும் தண்ணீரையெல்லாம் அவர் மேல் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். ஒருவர் கூடவே இருக்க, இன்னொருவர் உதவிக்குப் போகட்டும். பிரைட் ஏஞ்சலில் மூன்று மைல் மடத்திலும் ஹவசுபாய் கார்டன்ஸிலும், சவுத் கைபாபில் ஸ்கெலிட்டன் பாயின்ட்டுக்குக் கீழே டிப் ஆஃப் என்ற இடத்திலும் அவசரத் தொலைபேசி உண்டு. போகிறவர் ஒரு சீட்டில் இடம், வயது, நேரம், அறிகுறி எழுதி எடுத்துப் போக வேண்டும், பதற்றத்தில் எல்லாம் மறந்துவிடும். ஹெலிகாப்டர் கூப்பிட்டதும் வந்துவிடாது. காற்று, இருட்டு, வேறொரு மீட்பு என எதுவும் தாமதப்படுத்தும். பல நேரம் ரேஞ்சர் ஒருவர் நடந்துதான் உங்களிடம் வருவார்.

என் மாமியாருக்கு முட்டி மாற்று அறுவை ஆகியிருக்கிறது. நாங்கள் இறங்கும் மூன்று மணி நேரம் அவர் மேலே என்ன செய்வார்? (வாசகி, பெங்களூரு)

யாவபாய் நிலவியல் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் உட்காரவையுங்கள். பெரிய கண்ணாடிச் சுவர் வழியாக, நாற்காலியில் இருந்தபடியே முழுப் பள்ளத்தாக்கும் தெரியும். நடக்க முடிந்தால் வாசலிலிருந்தே விளிம்போரமாகத் தார்ப்பாதை போகிறது, ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு என்று கணக்குப் போட்டு வெண்கல வில்லைகள் பதித்திருப்பார்கள். வழியில் அந்தந்தக் காலத்துப் பாறையையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். கைபாப் கல்லுக்கு 270 மீட்டர் நடந்தால் போதும். ஆனால் நீங்கள் விடியற்காலையில் இறங்கும்போது அருங்காட்சியகம் திறந்திருக்காது. அதுவரை ஓட்டல் அறையில் தூங்கட்டும், திறந்தபின் ஷட்டில் பஸ் ஏறி வரச் சொல்லுங்கள்.